வேறு

பதிவேட்டில் ஐந்து நிரல்கள்:
மாடு, எருமை, ஆடு, கோழி, வேறு.
வேறு என்பதில் நாய்கள்தான் வரும்.
ஒருமுறை மயில்.

புதன்கிழமை, கோமாரி ஊசிக்கு வந்த கன்றுகளுக்குப் பின்னால்
வாகீசன் நின்றான், கையில் பால்மா அட்டைப்பெட்டி.
புதுக்குடியிருப்புச் சந்தியில் போன் திருத்துகிறவன்.
பெட்டிக்குள் பச்சை இகுவானா ஒன்று,
கொழும்பில் வாங்கியதாம். பெயர் நோக்கியா.
"உடையாத சாமான் எண்டுதான் டொக்டர் அந்தப் பேர்."

அதன் கால்விரல்கள் தாமாகத் துடித்தன.
"ஒரு கிழமையா வைப்ரேட்டில கிடக்கு" என்றான்.
கன்றோடு நின்றவர் சிரித்தார்.
அவன் சிரிக்கவில்லை.

தொடைகள் மட்டும் திரண்டிருந்தன.
நன்றாகத் தின்று கொழுத்ததென்று நினைத்திருக்கிறான்.
கொழுப்பல்ல.
எலும்பு கரைந்த இடத்தை நார் வந்து அடைத்த வீக்கம்.
தாடையை விரலால் அமர்த்தினேன்;
தேய்ந்த செருப்பின் குதியைப்போல்
அமிழ்ந்து, மெல்ல எழுந்தது.

என்ன சாப்பாடு?
சோறு, மாரி பிஸ்கட், கோவா.
எங்கே வைத்திருக்கிறாய்?
ஏசி அறையில். கண்ணாடிப் பெட்டி. நீல லைட்.

ஜன்னலால் பார்த்தேன்.
பங்குனி, காலை பத்து.
முற்றத்து மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது.
வன்னியில், இவ்வளவுக்கும் நடுவில்,
வெயில் கிடைக்காமல் ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது.

வெளிச்சம் வேறு, வெயில் வேறு, வாகீசன்.
கண்ணாடி முதலாவதை உள்ளே விடும்,
எலும்புக்கு வேண்டியதை வாசலிலேயே மறிக்கும்.
சுண்ணாம்பு இல்லாத உடம்பு
இதயம் அடிப்பதற்காக எலும்பில் கடன் எடுக்கும்.
கிழமைக் கடன்காரனுக்குக் கட்ட
வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றுகிற மாதிரி.
அது அவனுக்கு உடனே விளங்கியது.

மாட்டுக்கு எக்ஸ்ரே கிடையாது, இதற்கெங்கே?
நாலு மணிக்குப் பிறகு மாவட்ட ஆஸ்பத்திரியில்
ஜெபநேசன் கதவைச் சாத்திவிட்டு எடுத்துத் தந்தார்.
படத்தை விளக்கில் பிடித்தவர் கொஞ்சநேரம் பேசவில்லை.
"இந்த மெசினில இரும்பு பார்த்துப் பழகின ஆள் நான்,
எலும்பே தெரியாத படம் இதுதான்."
புகையால் வரைந்த விலா.
இடது தொடையில் ஒரு முறிவு;
விழவில்லை, யாரும் அடிக்கவில்லை,
தன் பாரத்திலேயே முறிந்தது.

கன்று போட்ட பசுவுக்கு நான் ஏற்றும் கல்சியம்
ஒரு முழுப் போத்தல்.
இதன் நிறை நானூற்றிருபது கிராம்.
ஊசி அட்டையின் பின்பக்கத்தில் மூன்று தரம் வகுத்துப் பார்த்தேன்,
மூன்றாம் தரம்தான் புள்ளி சரியான இடத்தில் விழுந்தது.

எழுதிக் கொடுத்தது:
பாணி மருந்து, ஊசிமுனை கழற்றிய சிரிஞ்சால், கடைவாயில்.
முருங்கையிலை, அகத்தி, செவ்வரத்தம்பூ.
பசளி வேண்டாம், பிஸ்கட் வேண்டவே வேண்டாம்.
ஏற விடாதே.
காலை எட்டு மணி வெயில், கோழிக்கூட்டு வலைக்குள்,
பாதிக்கு நிழல், அது விரும்பினால் ஒதுங்க.

வளைந்த கால் நிமிராது என்றும் சொன்னேன்.
அதை மட்டும் இரண்டாம் முறை கேட்டான்.

இரண்டாம் கிழமை துடிப்பு நின்றது.
நாலாம் கிழமை, வலையும் கையுமாய்
அவன் கடைவாசலில் குந்தியிருந்ததைப் பஸ்ஸிலிருந்து கண்டேன்.
போன் கொண்டுவந்தவர்களும் வெயிலில் நின்றார்கள்.
ஐந்தாம் கிழமை வரவில்லை.
செத்திருக்கும் என்று எழுதப்போய், பேனையை மூடினேன்.

ஒன்பதாம் கிழமை, கந்தோர் பூட்டுகிற நேரம்,
மோட்டார்சைக்கிள் நிற்கும் முன்னமே குதித்தான்.
பெருவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினான்,
வடிந்த இரத்தம் மணிக்கட்டு வரை.

"கடிச்சுப் போட்டுது டொக்டர்!
எலும்பு மட்டும் இறங்கிச்சுது!"

பல்லின் தடம் பார்த்தேன்.
அரைவட்டம். ஒழுங்காக, ஆழமாக,
ஒரு புள்ளிகூட விடுபடாமல்.
நல்ல தாடை.

சவர்க்காரம் போட்டுக் கழுவு என்றேன்.
அவன் கழுவ மனமில்லாமல்
குழாயடியில் நின்றான்.